குருதிப் புற்றுநோய்க்குப் புதிய சிகிச்சை: ஒரு கோடி ரூபாவுக்கு முன் கேட்க வேண்டியவை

உதவி கேட்டு வரும் பதிவுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் படம், வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம், கீழே பெரிய எழுத்தில் ஒரு தொகை. இந்தியாவுக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம் என்ற ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் இதுவரை பெரும்பாலும் இருந்தது என்புமச்சை மாற்றுச் சிகிச்சை. இனி அடிக்கடி காணப்போகும் சொல் 'கார்-ரி'. வேலூரிலும் மும்பையிலும் இந்தச் சிகிச்சை வழங்கப்படத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மட்டும் கிடைக்கும் அதிசயம் என்று தள்ளிவைக்கும் நிலை இப்போது இல்லை.

இது ஏமாற்று அல்ல. மற்றெல்லா மருந்தும் கைவிட்ட சிலர் இதனால் பத்து வருடங்களுக்கு மேல் நோயில்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் 'குருதிப் புற்றுநோய்க்குப் புதிய சிகிச்சை வந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்லும்போது பல விடயங்கள் விடுபட்டுப் போகின்றன. காணியை விற்று, நகையை அடகுவைத்து, கனடாவிலும் சுவிசிலும் உள்ள உறவினரிடம் கையேந்திப் பணம் சேர்க்கும் குடும்பங்களுக்கு, விடுபடும் அந்த விடயங்கள்தான் முக்கியம்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். நம் குருதியில் ரி கலங்கள் என்று ஒரு வகை வெண்குருதிக் கலங்கள் உள்ளன. வைரசு தொற்றிய கலங்களைக் கண்டுபிடித்து அழிப்பது அவற்றின் வேலை. புற்றுநோய்க் கலம் உடலின் சொந்தக் கலமே மாறிப்போனது என்பதால், ரி கலங்கள் பல தடவைகளில் அதை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. கார்-ரி முறையில் நோயாளியை ஓர் இயந்திரத்துடன் சில மணித்தியாலங்கள் இணைத்து, குருதியிலிருந்து ரி கலங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றப்பட்ட ஒரு வைரசைக் கொண்டு அக்கலங்களுக்குள் ஒரு புதிய பரம்பரையலகைச் செலுத்துகிறார்கள். அதன் பின் அந்தக் கலங்களின் மேற்பரப்பில், புற்றுநோய்க் கலத்தின் அடையாளத்தைப் பற்றிப்பிடிக்கும் ஒரு செயற்கை ஏற்பி முளைக்கிறது. ஆய்வுகூடத்தில் அவற்றைப் பெருக்கி, தரம் சோதித்து, நோயாளிக்குச் சில நாட்கள் கீமோ கொடுத்து இடம் ஒதுக்கிவிட்டு, திரும்பவும் நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். ஏற்றுவது மிகக் குறுகிய நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்தான் நீண்டவை.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹாரின் குழு 1989 அளவில் இந்த எண்ணத்தை ஆய்வுகூடத்தில் நிரூபித்தது. மனிதரில் பலன் தெரிய மேலும் இருபது வருடங்கள் சென்றன. 2010 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூனின் குழு நாட்பட்ட லியூக்கேமியா நோயாளிகள் சிலருக்கு இதைக் கொடுத்தது. அவர்களில் இருவரின் உடலில் பத்து வருடங்களுக்குப் பின்னரும் அந்த மாற்றிய கலங்கள் உயிரோடு இருந்ததை 2022 இல் அக்குழு வெளியிட்டது. 2012 இல் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் எமிலி வைற்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தபோது, கலங்கள் வேலை செய்த வேகத்தில் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்து மரணத்தின் விளிம்புக்குச் சென்றாள். மூட்டுவாதத்துக்குப் பயன்படும் டொசிலிசுமாப் என்ற மருந்து அவளை மீட்டது. கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்தபடியால் அந்த மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. 2017 ஓகஸ்ட் 30 ஆம் திகதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதலாவது கார்-ரி மருந்துக்கு அனுமதி கொடுத்தது. விலை 475,000 அமெரிக்க டொலர்.

எந்தக் குருதிப் புற்றுநோய் என்பதுதான் முதற் கேள்வி. அனுமதி பெற்ற கார்-ரி மருந்துகள் பெரும்பாலும் பி கலங்களிலிருந்து உருவாகும் புற்றுநோய்களுக்கானவை: பி வகை லிம்போபிளாஸ்டிக் லியூக்கேமியா, பி கல லிம்போமாக்களில் சில வகைகள். இவற்றின் கலங்களில் சிடி19 என்ற அடையாளம் இருக்கிறது. மைலோமாவுக்கு வேறோர் அடையாளத்தைக் குறிவைக்கும் மருந்துகள் உள்ளன. பெரியவர்களில் அதிகம் காணப்படும் மைலோயிட் லியூக்கேமியாவுக்கு அனுமதி பெற்ற கார்-ரி மருந்து இல்லை. அந்த நோயின் கலங்களில் உள்ள அடையாளங்கள் ஆரோக்கியமான என்புமச்சையின் மூலக்கலங்களிலும் இருப்பதால், ஒன்றை அழித்தால் மற்றதும் அழிந்துபோகும். பி கலங்கள் அழிந்தால் மனிதர் சமாளிக்கலாம். மூலக்கலங்கள் அழிந்தால் குருதி உற்பத்தியே நின்றுவிடும்.

ரி கலமே புற்றுநோயாக மாறும் லியூக்கேமியா இன்னும் சிக்கலானது. மருந்தும் ரி கலம், நோயும் ரி கலம். மாற்றிய கலங்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும். 2022 இல் இலண்டன் கிரேற் ஓர்மண்ட் வீதி சிறுவர் வைத்தியசாலையில், வேறொருவர் தானம் செய்த ரி கலங்களில் மரபு எழுத்துகளைத் தனித்தனியே திருத்தி இந்தச் சிக்கலைக் கடந்தார்கள். வேறு சிகிச்சை எதுவும் மிச்சமில்லாதிருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி அதனால் நோய் தணிந்து, என்புமச்சை மாற்றுக்குப் போக முடிந்தது. ஆனால் அது இன்னமும் ஆய்வு. பணம் கட்டிப் பெறும் சிகிச்சை அல்ல.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேருக்குப் பலிக்கிறது என்பது. முதல் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், வேறெதற்கும் மசியாத லியூக்கேமியா கொண்ட 75 சிறுவர்களுக்கும் இளையோருக்கும் மருந்து ஏற்றப்பட்டது. மூன்று மாதத்துக்குள் 81 சதவீதமானோரின் நோய் மறைந்தது. செய்திகளில் வந்த எண் இதுதான். ஒரு வருட முடிவில் நோய் திரும்பாமலும் வேறு சிகிச்சை தேவைப்படாமலும் இருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர் என்பது அதே ஆய்வில் இருந்த இன்னோர் எண். பெரிய பி கல லிம்போமாவில் வேறொரு மருந்தை ஐந்து வருடங்கள் பின்தொடர்ந்தபோது உயிரோடிருந்தவர்கள் சுமார் 43 சதவீதம். முன்பு சில மாதங்களில் இறந்துபோகும் நிலையில் இருந்தவர்களைப் பற்றிய எண்கள் இவை என்பதால் இவற்றைச் சிறிதாக எண்ணக்கூடாது. அதேவேளை 'கொண்டுபோனால் காப்பாற்றலாம்' என்ற வரிக்கும் இந்த எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பணம் சேர்க்கும் குடும்பத்துக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்தியாவில் என்ன நடக்கிறது? மும்பை ஐ.ஐ.டி.யும் ரரா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' மருந்து 2021 ஜூன் மாதம் முதன்முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2025 இல் வெளியான ஆய்வில், பலனை மதிப்பிடக்கூடியதாக இருந்த 51 பேரில் 73 சதவீதமானோருக்கு நோய் குறைந்தோ மறைந்தோ இருந்தது. அனுமதி வழங்கப்பட்டது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்காக நிதி திரட்டும் ஒருவர், எந்த வைத்தியசாலை எந்த அனுமதியின் கீழ் இதைக் கொடுக்கப் போகிறது என்று கேட்டாக வேண்டும். அறிமுகமானபோது அதன் விலை 40 இலட்சம் இந்திய ரூபா அளவில் சொல்லப்பட்டது. அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குதான். இலங்கை ரூபாவில் அது ஒரு கோடியை நன்கு தாண்டும். தங்குமிடம், முன்பின் கீமோ, தீவிர சிகிச்சை எல்லாம் சேரும்போது எங்கே போய் நிற்கும் என்பதைப் புறப்படும்போது யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி இந்தத் தொகைக்கு அருகில்கூட வராது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறு வழியில் சென்றது. வெளியில் உள்ள தொழிற்சாலைக்குக் கலங்களை அனுப்பாமல், வைத்தியசாலைக்குள்ளேயே மூடிய தானியங்கி இயந்திரம் ஒன்றில் ஏறத்தாழ ஒன்பது நாட்களில் தயாரிக்கும் முறையை அங்கு பரீட்சித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையும் அதில் பங்காளி. முதற்கட்ட ஆய்வில் 10 பேர்தான். லியூக்கேமியா நோயாளிகள் ஆறு பேருக்கும் பலன் இருந்தது, லிம்போமா நோயாளிகள் நான்கு பேரில் இருவருக்கு. பத்துப் பேரை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் என்னைக் கவர்ந்தது இந்த எண்கள் அல்ல, வைத்தியசாலை ஒன்று தானே தயாரிக்கலாம் என்பதுதான்.

பார்சிலோனாவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. லியூக்கேமியாவால் மகளை இழந்துகொண்டிருந்த ஒரு தாய், அந்நகரின் பொது வைத்தியசாலையான ஹொஸ்பிற்றல் கிளினிக்கின் ஆய்வுக்காக நிதி சேர்க்கத் தொடங்கினார். மகள் 2016 இல் இறந்தாள். சேர்த்த பணம் நிற்கவில்லை. அங்கு உருவான மருந்துக்கு மகளின் செல்லப் பெயரான 'ஆரி' சூட்டப்பட்டது. 2021 பெப்ரவரியில் ஸ்பெயின் மருந்து அதிகாரசபை, வைத்தியசாலை தானே தயாரிக்கும் சிகிச்சையாக அதற்கு அனுமதி கொடுத்தது. கம்பனி மருந்துகளின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அது கிடைக்கிறது. பெங்களூரில் இன்னொரு நிறுவனம் 2025 இல் அறிமுகம் செய்த கார்-ரி மருந்து இதே பார்சிலோனாத் தொழில்நுட்பத்தில் இருந்து வந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொதுப் பணத்தில் வைத்தியசாலை கட்டியது நமக்கும் புதிதல்ல. 2011 இல் தெவிநுவரவில் இருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தது. நாட்டின் மறுமுனையில் இருந்தவர்களும் அதில் பணம் போட்டார்கள். அதற்கு முன்பு வன்னியில் இருந்து ஒரு புற்றுநோயாளி மஹரகமைக்குப் போவது என்பது முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் மட்டுமல்ல. பாஸ், சோதனைச்சாவடி, 2006 ஓகஸ்ட்டுக்குப் பின்னர் மூடிய ஏ9 வீதி. அந்தக் காலத்தில் நோய் என்னவென்றே சரியாகத் தெரியாமல் போனவர்களின் குடும்பங்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோடியைத் தனித்தனியே திரட்டும் இப்போதைய வழி, வெளிநாட்டில் உறவினர் உள்ளவருக்கும் படம் பரவலாகப் பகிரப்பட்டவருக்கும் மட்டும் வேலை செய்கிறது. முகநூல் கணக்கு இல்லாத அம்மாவின் பிள்ளைக்கு வேலை செய்வதில்லை.

அப்படியானால் தெல்லிப்பழையில் கார்-ரி கூடம் கட்டுவோம் என்று புலம்பெயர் அமைப்பு ஏதாவது நாளை அறிவித்தால்? நான் வேண்டாம் என்றே சொல்வேன். இப்போதைக்கு வேண்டாம். காரணம் சிகிச்சையின் பின்பாதியில் இருக்கிறது.

கலங்களை ஏற்றிய முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல், குருதி அழுத்தம் வீழ்தல், மூச்சுத் திணறல் எந்த நேரத்திலும் வரலாம். டொசிலிசுமாப் கையிருப்பில் இருக்க வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தயாராக இருக்க வேண்டும். அதைவிட நுட்பமானது மூளையில் ஏற்படும் தாக்கம். அதைக் கண்டுபிடிக்கத் தாதியர் தினமும் செய்யும் சோதனை மிக எளிமையானது. இன்று என்ன மாதம், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மூன்று பொருட்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். நேற்று ஒழுங்காக எழுதியவரின் எழுத்து இன்று கிறுக்கலாகிவிட்டால் உடனே ஸ்டீரொயிட் தொடங்க வேண்டும்.

இந்தச் சோதனை முழுவதும் மொழியில் நடக்கிறது. நோயாளியின் மொழி தெரியாத விடுதியில், பதில் வராததற்குக் காரணம் மூளைத் தாக்கமா, கேள்வி விளங்காததா என்று எப்படிப் பிரித்தறிவது? சிங்கள மொழி விடுதியில் ஒரு தமிழ்த் தாய் 'ஓம்' என்று தலையாட்டிக்கொண்டே நாட்களைக் கடத்துவது நமக்குத் தெரிந்த காட்சி. சாதாரண விடுதியில் அது அவமானமும் சிரமமும். இங்கே உயிராபத்து. மும்பையிலும் இதே பிரச்சினை இருக்கிறது. செலவைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலூருக்கு ஓர் அனுகூலம் என்றால் அது தமிழ். நாட்டுக்குள் என்றைக்காவது இந்தச் சிகிச்சை வருமானால், அந்த விடுதியில் தமிழ் பேசும் தாதியர் எல்லா முறைமாற்றத்திலும் இருக்க வேண்டும் என்பது மொழி உரிமைக் கோரிக்கையாக மட்டும் இருக்காது, மருத்துவ நிபந்தனையாகவும் இருக்கும்.

அடுத்தது, வீடு திரும்பிய பின். சிடி19 அடையாளம் நல்ல பி கலங்களிலும் இருப்பதால் அவையும் அழிந்துபோகின்றன. பிறபொருளெதிரிகளை உருவாக்கும் ஆற்றல் குறைகிறது. பலருக்கு, சிறப்பாகச் சிறுவர்களுக்கு, மாதங்களாக, சிலவேளை வருடங்களாக, இமியூனோகுளோபியூலின் ஏற்ற வேண்டும். இந்தச் சொல் இலங்கையில் எங்கே கேட்டது என்று நினைவிருக்கும். தரமற்ற இமியூனோகுளோபியூலின் குப்பிகள் கொள்வனவு செய்யப்பட்ட விவகாரத்தில்தான் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 ஆம் திகதி கைது செய்யப்பட்டார். அதே விநியோகத்தரின் ரிட்டுக்சிமாப் மருந்தும் கேள்விக்குள்ளானது. ரிட்டுக்சிமாப் பி கல லிம்போமாவுக்கான அடிப்படை மருந்துகளில் ஒன்று. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் விடயம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்தால், ஒரு கோடி செலவழித்து வேலூரில் பெற்ற உயிரை, ஊருக்கு வந்து ஏற்றும் ஒரு குப்பியின் தரம் தீர்மானிக்கும் நிலை இது.

இதற்கும் முன்னால் உள்ள படியை நாம் அதிகம் பேசுவதில்லை. கார்-ரி பெரும்பாலும் முதற் சிகிச்சை தோற்றவர்களுக்கானது. சிறுவர்களின் லிம்போபிளாஸ்டிக் லியூக்கேமியாவைப் பொறுத்தவரை, வளர்ந்த நாடுகளில் பழைய கீமோ மருந்துகளாலேயே பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள். விலை குறைந்த, காப்புரிமை முடிந்த மருந்துகள் அவை. இரண்டு, மூன்று வருடங்கள் இடைவெளியில்லாமல் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகள் தட்டுப்பாடானபோது, பஸ் காசு இல்லாமல் கிளினிக் நாளைத் தவறவிடும்போது, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இரவில் வாகனம் இல்லாதபோது, அந்த நிபந்தனை உடைகிறது. ஒரு பிள்ளைக்குக் கார்-ரி கொடுக்கும் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் பஸ் காசையும் தங்குமிடத்தையும் கீமோ முடியும்வரை பார்க்கலாம் என்று கணக்குப் பார்ப்பது, உயிரை எடைபோடுவது போலக் கசப்பாக இருக்கும். அந்தப் பிள்ளையின் தகப்பனிடம் அதைச் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நிதி வைத்திருக்கும் அமைப்புகளிடமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் சொல்லலாம்.

அரசு செய்யக்கூடிய காரியங்கள் அவ்வளவு பெரியவை அல்ல. யாருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்று தீர்மானிக்கும் நிபுணர் குழு ஒன்றை நியமிக்கலாம். பொருந்துபவர்களுக்காக இந்திய வைத்தியசாலைகளுடன் அரசு நேரடியாக விலை பேசலாம். தனி ஆளாகப் போய் நிற்பவரைவிட ஒரு நாடு பேசும்போது விலை குறையும். திரும்பி வருபவர்களுக்கு நம்பத்தகுந்த இமியூனோகுளோபியூலின், கிருமித் தொற்று மருந்து, தொடர் பரிசோதனை என்பவற்றை மஹரகமையிலும் தெல்லிப்பழையிலும் உறுதிசெய்யலாம். தொடர் பரிசோதனை அலங்காரத்துக்கல்ல. மிகச் சிலருக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் ரி கலப் புற்றுநோய் புதிதாக வந்ததை அடுத்து, 2024 இல் அமெரிக்க அதிகாரிகள் மருந்துகளில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னார்கள். கண்காணிப்பு ஆயுள் முழுவதற்கும் என்பது அவர்களின் பரிந்துரை.

இதற்கிடையில் தொழில்நுட்பம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கலங்களை வெளியே எடுக்காமலே, பரம்பரையலகை ஊசி மூலம் உடலுக்குள் செலுத்தி அங்கேயே கார்-ரி கலங்களை உருவாக்கும் முயற்சிகள் மனிதரில் பரீட்சிக்கப்படுகின்றன. 2025 இல் மட்டும் பெரிய மருந்துக் கம்பனிகள் பல, இந்தத் துறையில் உள்ள சிறு நிறுவனங்களைக் கோடிக்கணக்கான டொலர்களுக்கு வாங்கின. அது கைகூடினால் தொழிற்சாலைச் செலவு விழும். விலையும் விழுமா என்பது வாங்கியவர்களைப் பொறுத்தது.

இப்போது பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நோயின் முழுப்பெயர் எழுதிய என்புமச்சை அல்லது கட்டிப் பரிசோதனை அறிக்கை, கலங்களின் அடையாளங்களைக் காட்டும் ஃப்ளோ சைற்றோமெற்றி அறிக்கை, இதுவரை கொடுத்த கீமோவின் விபரம், நோய் திரும்பிய திகதி ஆகியவற்றின் பிரதிகளை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். அவற்றை முதலில் மின்னஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். சிடி19 இருக்கிறதா, இந்த வயதுக்கு அனுமதி இருக்கிறதா, கலங்கள் எடுத்த பின் நோய் முற்றி ஏற்ற முடியாமல் போனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை வாரம் அங்கே தங்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பதிலைத் தரகரிடமிருந்து பெறாதீர்கள், வைத்தியசாலையின் சொந்த முகவரியிலிருந்து பெறுங்கள். கட்டிப் பரிசோதனைக்கு எடுத்த இழையம் மெழுகுக் கட்டியாக ஆய்வுகூடத்தில் இருக்கும். அதையும் கேட்டு எடுத்துக்கொண்டு போனால், சில வேளைகளில் அங்கே மீண்டும் ஊசி குத்தி எடுக்க வேண்டிய தேவை இருக்காது.